காலிக் கட்டில்

லியோன் நகரத் திரைப்படச் சங்கத்தில் அந்தப் பழைய காமப் படம் முடிந்து விளக்கு எரிந்தது. விமர்சகர் பெர்ட்ரான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இதைப் போய் ஆபாசம்னு அப்போ தடை பண்ணாங்க! ஏழு நிமிஷம் வெறும் காலிக் கட்டிலைக் காட்டுறாரே டைரக்டர், அது ஆபாசமா? உடம்பு போனப்புறம் மிஞ்சுற தனிமை! அந்த ஏழு நிமிஷத்தைப் பத்தி முந்நூறு பக்கம் எழுதியிருக்கேன்."

பின்வரிசையில் ஒரு முதிய பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார்.

"மேடம், கலை புரியலைன்னா வெளியே போங்க. அந்தக் கட்டிலைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"அதுல படுத்து நடிச்சதே நான்தாங்க."

அரங்கமே திரும்பியது. கதாநாயகி ஒதில்!

"மணி பன்னிரண்டு அடிச்சுது. சாப்பாட்டு நேரத்துல நம்ம ஊர்ல எவன் வேலை பார்ப்பான்? அத்தனை பேரும் ஓடிட்டோம். கேமராவை நிறுத்த மறந்து, ஃபிலிம் தீர்ற வரைக்கும் அதுபாட்டுக்கு ஓடிச்சு. படம் நீளம் பத்தலைன்னு டைரக்டர் அதையும் ஒட்டிட்டார்."

பெர்ட்ரானின் முகம் வெளிறியது. நோட்டைத் திறந்தார்.

"அன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"முயல் குழம்பு."

"முயலா!" அவர் குரல் தழுதழுத்தது. "நான் நினைச்சதைவிட ஆழமான படம், மேடம்!"