புதன்கிழமை நாலரை மணி

"இன்னைக்கும் உங்க அம்மா வரலையா?"

டீச்சர் கேட்டதற்கு அந்தச் சிறுமி இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதால் இரண்டாம் வகுப்பில் அவளுக்குப் பெயரே 'பொக்கை'.

புதன்கிழமை மாலை நாலரை மணிக்கு வீட்டிலிருந்து யாராவது ஒருவர் வரவேண்டும். பிள்ளையின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அது வாசிப்பதைக் கேட்கவேண்டும். டீச்சரே யோசித்து, தலைமையாசிரியையை நச்சரித்து வாங்கிய திட்டம்.

வந்தவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? குட்டி பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்த ஒரு அப்பா, மகன் இரண்டாம் பக்கம் புரட்டுவதற்குள் குறட்டை விட்டார்.

"சார், எழுந்திருங்க. உங்களுக்காகத்தான் வாசிக்கிறான்."

"கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாத்தான் டீச்சர் எனக்குக் கதை புரியும்."

இன்னொரு அம்மா, மகளை வாயே திறக்கவிடாமல் முழுக் கதையையும் தானே வாசித்து முடித்துவிட்டு, "உச்சரிப்பு சரியா இருந்துச்சா டீச்சர்?" என்று வேறு கேட்டார்.

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டார். போகட்டும், இவர்களாவது வந்தார்களே!

பொக்கையின் பக்கத்து இடம் மட்டும் ஏழாவது வாரமாகக் காலி.

டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பியாயிற்று. 'மன்னிக்கவும் டீச்சர். வேலையை விட்டு வர முடியவில்லை.' ஒவ்வொரு முறையும் அதே ஒற்றை வரி. போனிலும் அதே பாட்டு.

"உங்க அம்மா வேலை செய்யற இடம் ரொம்ப தூரமா?"

"இல்ல டீச்சர், பக்கத்துலதான். பத்து நிமிஷம் நடந்தா வந்துடும். ஸ்கூல் விட்டா நேரா அங்கதான் போவேன்."

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பத்து நிமிஷ நடை. அதற்கா இவ்வளவு மன்னிக்கவும்?

அடுத்த வாரம் பள்ளியில் வாசிப்பு விழா. பிள்ளையும் வீட்டாரும் சேர்ந்து மேடையில் வாசிக்கவேண்டும். டீச்சர் பட்டியலை எடுத்து ஒரு பெயரை அடித்தார்.

பொக்கை எட்டிப் பார்த்துவிட்டாள். "நான் தனியா வாசிக்கறேன் டீச்சர். தப்பில்லாம வாசிப்பேன்."

"குடும்பமா வாசிக்கறதுதாம்மா நிகழ்ச்சியே. பெத்தவங்களுக்கே அக்கறை இல்லைன்னா நான் என்ன பண்ண முடியும்?"

குழந்தை புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு, மணி அடித்ததும் போய்விட்டாள். டீச்சருக்கு மனசு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அதற்கும் சேர்த்து அந்த அம்மாவின் மேலேயே எரிச்சல் வந்தது.

பெஞ்சுகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கணவர்.

"ஆபீஸ்ல மாட்டிக்கிட்டேன். இன்னைக்கு மட்டும் காப்பகத்துக்கு நீ போய்ப் பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடேன்."

"நானா? இப்பத்தான் இங்க முடிஞ்சுது. எனக்கு வழிகூடத் தெரியாதே."

"ரெண்டு மாசமா நம்ம பொண்ணு போற இடம்! சரி, வழி அனுப்பறேன், பாரு."

டீச்சர் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார். வழி கேட்டுக் கேட்டுக் காப்பகத்தைக் கண்டுபிடித்தபோது மணி ஆறாகப் பத்து நிமிஷம் இருந்தது.

தரை துடைத்து ஈரமாக இருந்தது. குட்டி நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மூலையில் ஒரு பாயில், தோளில் ஒரு குழந்தையைத் தூங்கப் போட்டபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். மடியில் விரித்திருந்த புத்தகத்தில் அவர் விரல் வரி வரியாக நகர, பக்கத்தில் இருந்த சிறுமி உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள்.

சிறுமி நிமிர்ந்தாள். இரண்டு பல் இல்லாத சிரிப்பு. "அம்மா! எங்க டீச்சர்!"

அந்தப் பெண் பதறிப்போய் எழுந்தார். "டீச்சரா! வாங்க, வாங்க. உட்காருங்க."

ஏழு வாரக் கோபம் ஒன்றாகத் திரண்டு வந்தது. வந்த வேலையே டீச்சருக்கு மறந்துபோயிற்று.

"உட்கார வரலைங்க. இங்கிருந்து ஸ்கூல் எவ்வளவு தூரம்? வாரத்துல ஒரே ஒரு மணி நேரம். சொந்தக் குழந்தைக்காக அதுகூட ஒதுக்க முடியாதா உங்களால?"

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. தோளில் தூங்கும் குழந்தை விழித்துவிடாதபடி குரலைத் தணித்துக்கொண்டார்.

"தப்புதான் டீச்சர். புதன்கிழமை நாலரைக்கே கிளம்பிக்கோன்னு எங்க மேடமே சொல்லிட்டாங்க. மத்த பிள்ளைங்க எல்லாம் அதுக்குள்ள போயிடும். ஆனா இந்தக் குட்டியோட அப்பா வர ஆறு மணி ஆயிடும். புதுசு இல்லையா, வேற யார்கிட்டயும் இருக்க மாட்டேங்குது. நான் வாசல் பக்கம் போனாலே மூச்சு நிக்கற மாதிரி அழுவுது. எப்படி டீச்சர் விட்டுட்டு வர்றது?"

"அதுக்கு... அந்தக் குழந்தையோட அம்மாவை..."

"அவ அப்பாகிட்ட கேட்டுப் பார்த்தேன் டீச்சர், புதன்கிழமை மட்டுமாவது அம்மா சீக்கிரம் வர முடியுமான்னு. அவங்க ஏதோ பள்ளிக்கூடத்துல வேலையாம். அன்னைக்குன்னு பார்த்து அவங்களால அசையவே முடியாதாம். பாவம், அவங்களுக்கு அங்க என்ன நெருக்கடியோ."

குழந்தையைப் பூப்போல மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, அவர் வெள்ளந்தியாகக் கேட்டார்:

"என் கதையை விடுங்க. நீங்க யாரைக் கூட்டிட்டுப் போக வந்தீங்க டீச்சர்? இங்க இந்த ஒரு குழந்தைதானே இருக்கு?"