மூன்றாவது மாடி

"உங்க நீண்டகால இலக்கு என்னம்மா? எடை குறைக்கணுமா?" தி.நகர் ஜிம்மில் பயிற்சியாளர் தாரணி கேட்டாள்.

"மூணு மாடி ஏறணும் தாயி," என்றாள் இசக்கியம்மாள். "எம்மவன் அடையாறுல ஃப்ளாட் வாங்கி ஒரு வருஷமாச்சு. 'லிஃப்ட் கிடையாதும்மா, உன் முட்டு தாங்காது, நாங்களே வந்து பாக்கோம்'னுட்டான். பாவம், வாரதுக்கு அவனுக்கு எங்க நேரம் இருக்கு?"

தாரணி சிரித்தாள். "மூணையும் இப்பவே நினைக்காதீங்க. பொங்கலுக்குள்ள ஒரு மாடி. சித்திரைக்குள்ள ரெண்டு. அப்புறம் மூணாவது தானா வரும்."

முதல் மாடிக்கே இசக்கியம்மாளுக்கு மூச்சு வாங்கியது. முட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் போனாள். சோற்றைக் குறைத்தாள். சித்திரையில் இரண்டு மாடி ஏறி இறங்கியபோது ஜிம்மே கைதட்டியது.

ஆடி வெள்ளியன்று யாரிடமும் சொல்லாமல், மகனுக்குப் பிடித்த அதிரசத்தோடு அடையாறு போனாள். வாசலை ஒட்டியே படிக்கட்டு இருந்தது. எங்கும் உட்காராமல் ஏறினாள். மூன்றாவது மாடிக் கதவில் மகன் பெயரைப் பார்த்ததும் கண் நிறைந்தது. அழைப்பு மணியை அழுத்தினாள்.

முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு விலகும் சத்தம் கேட்டது. காய்கறிப் பையோடு வெளியே வந்த எதிர்வீட்டுப் பெண், "என்னம்மா இப்படி வேர்த்திருக்கு? லிஃப்ட்ல வந்திருக்கலாமே!" என்றாள்.

"இப்பதான் புதுசா வச்சாங்களா?"

"கட்டினப்பவே வெச்சதும்மா."

கதவைத் திறந்த சுரேஷ்குமார் அம்மாவைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டிருந்த லிஃப்டையும் பார்த்தான்.

"உள்ள வரலாமாய்யா?" என்று கேட்டாள் இசக்கியம்மாள்.