ரங்கூன் மிஷின்

ஜெயினம்பு மிஷினின் கைப்பிடியைச் சுற்றுகிறாள். அடுப்பங்கரைக் கூரையில் பதித்த கண்ணாடி வழியே காலை வெயில் இறங்கி, புது இரும்பின் மேல் பளபளக்கிறது. கணவர் உமர் பாரூக் நேற்றுத்தான் ரங்கூனிலிருந்து கொண்டுவந்தார். மேலே போட்ட தேங்காயும் ஊறிய மிளகாயும் கரகரவென்று உள்ளே போய், சிவந்த விழுதாக நெளிந்து கிண்ணத்தில் விழுகின்றன. பத்து வருஷமாக இந்த வீட்டுக்கு மசாலா அரைக்கிற ஒச்சாயி, பின்வாசலில் நின்று பார்க்கிறாள். வைகையைக் கடந்து வந்ததில் ஈரமணல் அவள் காலில் ஒட்டியிருக்கிறது. வந்ததும் அவள் கழுவிவைத்த அம்மியிலிருந்து தண்ணீர் வடிகிறது.

"இனிமே நான் வர வேணாமாம்மா?"

ஜெயினம்பு நிமிரவில்லை. "அவுக ஆசையா வாங்கியாந்துட்டாக. நான் என்ன செய்ய, ஒச்சாயி?"

ஆசைப்பட்டது ஜெயினம்புதான். யாரையும் எதிர்பார்த்து நிற்க முடியவில்லை, மிஷின் வேண்டுமென்று கணவருக்கு மூன்று கடிதம் எழுதினாள்.

ஒச்சாயி கிட்டே வந்து விழுதை விரலால் தொட்டுப் பார்க்கிறாள். மிளகாய்ச் சிவப்பு ஏறிக் காய்த்துப்போன விரல். "நைசாத்தான் அரையுது," என்கிறாள். பிறகு குரலைத் தாழ்த்துகிறாள். "நீங்க சொன்னா ராவுத்தரய்யா கேப்பாரு. எனக்காக ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கம்மா. உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

"சொல்றேன்."

ஒச்சாயி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடுகிறாள். கூடத்தில் உமர் பாரூக் செருமுகிற சத்தம் கேட்கிறது. ஒச்சாயி ஆவலாக அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, "இந்தா, ஐயா வந்துட்டாரும்மா," என்கிறாள். ஜெயினம்பு எழுந்திருக்காமல், இன்னும் கொஞ்சம் தேங்காயை மிஷினில் போட்டுச் சுற்றுகிறாள்.