ஒரே ஒரு இரைச்சல்

"இன்னிக்கு இந்தச் சனியனைக் கொல்லாம நான் எந்திரிக்கப் போறதில்ல" என்று ஸ்க்ரூ டிரைவரை மேசைமேல் எறிந்தான் அவன்.

"மெதுவா மாமா, அக்கா காதுல விழப்போகுது" என்றாள் கொழுந்தியாள்.

"விழட்டும். அவளுக்கும் இதுமேல கொலைவெறிதான்."

சனியன் என்றது, பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்த ஆக்சிஜன் மிஷினின் இரைச்சலை. அங்கே கட்டிலில் அவன் மனைவி படுத்திருந்தாள். நுரையீரல் கைவிட்டுவிட்டது. மிஷினை ஒரு நிமிடம்கூட நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

குரலும் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது. அது முழுசாகப் போவதற்குள், பள்ளிக்கூடம் போகும் மகளுக்காக நாலு வார்த்தை பேசிப் பதிவு செய்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. மிச்சமிருந்த ஒரே ஆசையும் அதுதான்.

பேசத்தான் செய்தாள். ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கு அடியிலும் மிஷின் 'ம்ம்ம்' என்றது. கம்ப்யூட்டரில் போட்டுச் சுத்தம் செய்தபோது, குரல் தகர டப்பாவுக்குள் போய்விட்டது. "இது நான் இல்லீங்க. பாப்பா பயந்துக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

அவன் தொழிலே ஃபில்டர்தான். தெருவில் பாதிப் பேர் அதைத் தண்ணீர் ஃபில்டர் என்று நினைத்துக்கொண்டு, குழாய் ஒழுகினால் அவனைக் கூப்பிடுவார்கள். அவன் செய்வதோ இசைக்காரர்களின் சிந்தசைசரில் பொருத்துகிற ஃபில்டர்.

உள்ளங்கை அகலத் தகடு, நாலைந்து குமிழ்கள். ஒரு குமிழ் கீழ்ச் சத்தத்தை மட்டும் விடும், இன்னொன்று மேல் சத்தத்தை, இன்னொன்று நடுவை. நாலாவது 'நாட்ச்'. அது எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நாம் காட்டுகிற ஒரே ஒரு சத்தத்தை மட்டும் தூக்கி எறியும்.

ஊருக்கெல்லாம் செய்து கொடுத்தவனுக்குச் சொந்த வீட்டில் அது பலிக்கவில்லை. மிஷினின் இரைச்சலை வெட்டினால் மனைவியின் அடிக்குரலும் கூடவே போனது. ஆத்திரமாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

அதிலும் இன்றைக்கு இரைச்சல் அதிகம். மூக்குக் குழாய் இழுக்கிறது என்று சொல்லி, காலையில்தான் மிஷினைக் கட்டிலோடு ஒட்டி நகர்த்தி வைக்கச் சொல்லியிருந்தாள். பக்கத்தில் ஆள் இருந்தால் மூச்சுச் சத்தம்கூடப் பதிவாகும் என்று தங்கையை வெளியே அனுப்பிக் கதவையும் சாத்தச் சொன்னாள்.

கட்டிலருகே வைத்திருந்த மைக் வழியாக ஹெட்போனில் மனைவியின் குரல் வந்தது. "இன்னும் கேக்குதாங்க?"

"கேக்குது!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினான்.

"சரி, நீங்க திருகிட்டே இருங்க. சத்தம் நின்னதும் சுவத்துல தட்டுங்க."

ஒப்பிட்டுக் கேட்பதற்காக ஃபில்டருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினான். பிடுங்கிவிட்டால், மைக்கில் வருவது ஃபில்டருக்குள் போகாமல் நேரே ஹெட்போனுக்கு வரும். பிடுங்கும்போதே ஒயர் கரகரவென்றது. உள்ளே கம்பி விட்டுப் போயிருக்க வேண்டும்.

"இது செத்துப்போச்சு. அந்த மூலையில இருந்து வேற ஒண்ணு எடு."

மூலையில் ஒயர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. கொழுந்தியாள் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். "இதுக்குப் பாப்பா தலையே தேவல மாமா."

அவன் கை சும்மா இருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நாட்ச் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகினான்.

இரைச்சல் நின்றது.

குறையவில்லை, நின்றே போனது. குமிழிலிருந்து விரலை எடுக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. மற்றொரு கையால் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுச் சுவரில் தட்டினான்.

"பாப்பா, அம்மா பேசறேன்டா" என்றாள் அவள். கல்யாணமான புதிதில் அவன் கேட்ட அதே குரல், அடிக்குரல் கொஞ்சமும் சேதாரம் இல்லாமல். "ஈரத் தலையோட பின்னிக்காத. அப்பா பின்னினா வகிடு கோணலாத்தான் வரும், அவரத் திட்டாத. கோவத்துல கத்துவாரு. கொஞ்ச நேரத்துல அவரே வந்து உன் முன்னால நிப்பாரு."

மூச்சு வாங்கினாள்.

"சித்தி சொன்னா கேட்டுக்க. யாராவது உனக்கு அம்மா இல்லையான்னு கேட்டா..." வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. "இருக்காங்கன்னு சொல்லு. இதப் போட்டுக் காட்டு."

அப்புறம், கேட்டும் கேட்காமலும், "அவ்வளவுதாங்க" என்றாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். அப்படிச் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

"முழுசா வந்துடுச்சு! அடிக்குரல்ல ஒரு சொட்டு குறையல. நாட்சுன்னா இதுதான் நாட்சு!" ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரில் மறுபடி தட்டினான். பதில் இல்லை. "களைச்சிருப்பா. கொஞ்சம் தூங்கட்டும்."

வீடு அமைதியாக இருந்தது.

கொழுந்தியாள் எழுந்து நின்றாள். அவனைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள்.

"மாமா... ஃபில்டருக்கு மாட்ட நீங்க கேட்ட ஒயரு இன்னும் என் கையிலதான இருக்கு?"