தலைமுழுகியவர்

கழுத்தில் வெள்ளைத் துணியைக் கட்டி முடிப்பதற்குள் நீதிபதி ஆரம்பித்துவிட்டார். மகளைத் தலைமுழுகிவிட்டாராம்.

சலூன்காரர் அப்படியா என்று கேட்டுக்கொண்டார். போன சனிக்கிழமையும் அப்படித்தான் கேட்டார். அதற்கு முந்தைய சனிக்கிழமையும்.

வாராவாரம் முழுகினால் சளி பிடிக்காதா என்று கேட்க வாய் துறுதுறுத்தது. வாடிக்கையாளர் ஆயிற்றே, அடக்கிக்கொண்டார்.

முழுகுவதற்கு அந்தத் தலையில் பெரிதாக ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம். காதுகளுக்கு மேலே ஏதோ கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை வெட்டிக்கொள்ள ஊரின் அந்தக் கோடியிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி வருவார். வழியில் சலூனுக்கா பஞ்சம்? உன் கை ராசியான கை என்பார். சலூன்காரரும் நம்பினார். புகழ்ச்சி யாருக்குக் கசக்கும்?

வழக்கு இதுதான். நீதிபதி சல்லடை போட்டுச் சலித்து எடுத்த மாப்பிள்ளை. அவனோடு இனி வாழ முடியாது என்று மகள் ஒரு நாள் பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். கன்னம் வீங்கியிருந்ததாம். அதெல்லாம் ஒரு சாட்சியமா என்று கேட்டுவிட்டு, சொந்தபந்தம் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

வேலையில் இருந்தவரை அவர் எழுதிய தீர்ப்புகளில் பாதியை மேல்கோர்ட் திருப்பிப் போட்டது. வீட்டுக்கு மேல்கோர்ட் கிடையாது. அதனால் இது ஒன்று நிலைத்துவிட்டது.

"சொன்னா சொன்னதுதான்பா. இன்னிக்கு வரைக்கும் அவ பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்ல."

அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு ஒரு விரற்கடை நிமிர்ந்தது.

அப்புறம் வழக்கமான அங்கலாய்ப்பு. மெலிந்துபோய்விட்டாள். குளித்தால் தலையை ஒழுங்காகத் துவட்டுவதில்லை, அந்த வெளுத்த நீலச் சட்டையை எப்போதுதான் தூக்கிப் போடப்போகிறாளோ.

கைகழுவிய மகளைப் பற்றி இத்தனை தகவல் எங்கிருந்து வருகிறது என்று சலூன்காரர் யோசித்ததில்லை. பெரிய மனிதர்களுக்கு ஆயிரம் ஆள் இருப்பார்கள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் ஆவி படர்ந்தது.

நீதிபதியின் பேச்சு பாதியில் நின்றது. கண்ணாடியைத் துடைக்கச் சொன்னார்.

சலூன்காரர் நடுவில் துடைத்தார். வழுக்கை பளிச்சென்று தெரிந்தது. அது போதாதாம். மேலே, இடது மூலையில் துடைக்க வேண்டுமாம்.

மூலையில் யாருக்கு முடி வெட்டுவது என்று முனகிக்கொண்டே எட்டித் துடைத்தார்.

முதுகுக்குப் பின்னால் இருந்த எதிர்வீட்டு மொட்டைமாடி அந்த மூலையில் தெரிந்தது. கீழே கடையும் மேலே வீடுமாகப் புதிதாகக் குடிவந்திருக்கும் தையல்காரப் பெண் அங்கே நின்றிருந்தாள். வெளுத்த நீலச் சட்டை. காக்கையின் அலகு மாதிரி நுனி வளைந்த மூக்கு.

அந்த மூக்கைச் சலூன்காரருக்கு நன்றாகத் தெரியும். மீசை ஒதுக்கும்போது வாராவாரம் இரண்டு விரலால் தூக்கிப் பிடிக்கிற மூக்கு.

கை ராசி பற்றிய நம்பிக்கை அந்த நிமிடமே அவரை விட்டுப் போயிற்று. மழை வலுக்கிறதே, சீக்கிரம் முடித்துவிடட்டுமா என்று மட்டும் கேட்டார்.

"அவசரமே இல்ல. மெதுவா வெட்டுப்பா."

நீதிபதி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சலூன்காரர் எந்தச் சபதமும் செய்தவரல்ல. தாராளமாகத் திரும்பியே பார்த்தார்.

கொட்டுகிற மழையில் அந்தப் பெண் வாளியிலிருந்து ஒவ்வொரு துணியாக எடுத்து, உதறி, நிதானமாகக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அவளும் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.