துண்டுக்குள் சிறுத்தை

சிறுத்தையைக் காணோம்! அடிமைப் பெண் தலூசா அடுக்களைக்குத் திரும்பும்போதுதான் கவனித்தாள்.

விருந்து பாதியில் இருக்கிறது. கையில் மதுக்குடுவை. கைப்பிடி உச்சியில் பாய்வதுபோல் உட்கார்ந்திருந்த குட்டி வெண்கலச் சிறுத்தையின் இடம் மொட்டையாக இருந்தது.

அடுக்களை வாசலில் கிரெஸ்டஸ் அதைப் பார்த்துவிட்டான். அடிமைகளுக்கு மேஸ்திரி. அவனும் அடிமைதான், ஆனால் அதை அவனிடம் யார் சொல்வது?

"எங்கேடி சிறுத்தை?"

"யூனோ தாயி மேல சத்தியமா தெரியலண்ணே. பந்திக்குக் கொண்டு போறப்ப இருந்துச்சு."

"ரோமாபுரியிலேயே இப்படி ஒண்ணு கிடையாதுன்னு எஜமான் பீத்திக்கிற சாமான்டி அது. நீ உடைச்சேன்னு தெரிஞ்சா சாட்டையடி, அப்புறம் மாவு ஆலைதான். அங்கே போனவ யாரும் திரும்பினதில்ல."

தலூசா மறுபடி பந்திக்கு ஓடினாள். விருந்தாளிகள் சாய்ந்து சாப்பிடும் மெத்தைகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் துழாவினாள்.

கடைசி மெத்தையில் சோசிமஸ் துண்டை முடிந்துகொண்டிருந்தார். அப்பமும் அத்திப்பழமும் துண்டில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவது விருந்தாளிகள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அப்பத்துக்கு வால் உண்டா?

போன வருஷம்தான் விடுதலையான அடிமை அவர். பெரிய மனிதர்கள் பந்தியில் இன்றுதான் முதல் தடவையாக இடம் கிடைத்திருக்கிறது. அற்ப புத்தி!

"எஜமான்... அவரு துண்டுல..." அழுகையோடு கையை நீட்டிவிட்டாள்.

எஜமான் வெராட்டியஸ் துண்டைப் பிடுங்கி உதறினார். அத்திப்பழங்களோடு சிறுத்தையும் உருண்டது.

"சங்கிலி போயும் கையரிப்பு போகலையே!" யாரோ சொல்ல, பந்தியே சிரித்தது.

சோசிமஸ் முகம் சுண்டிப்போனது. தலூசாவை ஒரு தடவை பார்த்தார். "ஆசைப்பட்டுத் திருகி எடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

"இனி என் வாசப்படி மிதிக்காதே!"

செருப்பை எடுத்துக் கொடுக்கத் தலூசாதான் போகவேண்டியிருந்தது. பயம் போய் இப்போது ஆத்திரம் வந்தது.

"உங்களால என் முதுகுத் தோல் உரிஞ்சிருக்கும், தெரியுமாய்யா?"

சோசிமஸ் குனிந்து வாரைக் கட்டியபடியே கிசுகிசுத்தார்.

"இனிமே மதுவைச் சூடு பண்ணக் குடுவையையே தணல்ல வைக்காதே தாயி. சிறுத்தையை ஈயத்துலதான் ஒட்டியிருக்காங்க, சூட்டுல இளகிடும். நீ ஊத்துறப்பவே கழண்டு என் மடியில விழுந்துச்சு. யாரும் பார்க்கிறதுக்குள்ள மறைச்சு, கிளம்புறப்ப உன்கிட்ட குடுத்துடலாம்னு நினைச்சேன்."