முதல் டாக்டர்

“இவளுக்கு டாக்டர் படிப்பு வேணாமாம், மேடம்! இன்னான்னு நீங்களே கேளுங்க!”

குமணன்சாவடியில் ஆட்டோ ஓட்டும் கோதண்டம், மகள் லோகேஸ்வரியைக் கையோடு இழுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்தார்.

மைதிலிக்குப் பகீரென்றது. போன வருடம்தான் இந்த அரசுப் பள்ளிக்கு மாற்றலாகி வந்திருந்தார். சுவரில் இருந்த பலகையில் ஒரு நீதிபதி, ஒரு விஞ்ஞானி, இரண்டு கலெக்டர்கள் என்று பழைய மாணவர்களின் பெயர்கள் இருந்தன. அறுபது வருடத்தில் டாக்டர் மட்டும் ஒருவர்கூட இல்லை. அந்தக் குறை தீர்ந்தது என்று பெயின்டருக்கே சொல்லியனுப்பிவிட்டார் மைதிலி.

“நீ எடுத்த நீட் மார்க்குக்கு, அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கான ஒதுக்கீட்டுல கண்டிப்பா சீட்டு உண்டும்மா. சான்றிதழ்ல நான் ஒரு கையெழுத்துப் போடணும், அவ்ளோதான். இன்னிக்குத்தான் கடைசி நாள்!”

“ரத்தத்தப் பாத்தா மயக்கம் வருது மிஸ். பி.எஸ்ஸி. சேந்துக்கறேன்.”

“நேத்து ஃபாரம் வாங்குற வரைக்கும் வராத மயக்கமா?” கோதண்டம் கத்தினார். “செலவ நெனச்சி பயப்படுறியா? ஆட்டோவ வித்தாவது படிக்க வெக்கிறேன்!”

“ஒருதபா வித்தது போதும், நைனா.”

கோதண்டத்தின் கண் கலங்கிவிட்டது. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

மைதிலிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வலிய வந்த சீதேவியை இப்படியா எட்டி உதைப்பாள் ஒருத்தி?

“பெத்தவர அழவெச்சி என்னடி கண்டே? உனக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதா? நீ வேணாம்னா விட்டுடுவேனா?” என்று, ‘ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்’ என்றிருந்த சான்றிதழை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

லோகேஸ்வரி ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“போடாதீங்க மிஸ். நான் இங்க சேந்ததே ஏழாவதுலதான்.”

மைதிலியின் கை அப்படியே நின்றது. “அப்போ... ஆறாவது?”

“கான்வென்ட். நானும் இங்கிலீஷ் பேசணும்னு நைனா ஆட்டோவ வித்து சேத்துச்சி. அதுக்கு மேல ஃபீஸ் கட்ட முடியல.” அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அவளுக்கு உடைந்துகொண்டு வந்தது. வெளியே கேட்டுவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அந்த ஒரு வருசத்தாலதான் சீட்டு போச்சின்னு நைனாவுக்குத் தெரியவே கூடாது மிஸ்!”